நேரே வருதல்

சக்கர நாற்காலியின் அகலம் அறுபத்து மூன்று.
எங்கள் நுழைவழியின் அகலம் எண்பத்தெட்டு.
காகிதத்தில் தாராளமாகப் போகும்.
காகிதத்துக்குத் தெரியாது
இடப்பக்கம் செருப்பு அலமாரி முப்பதைத் தின்றுவிட்டது.
மீதியில் ஐந்து குறைகிறது.
ஒரு தீப்பெட்டி நீளம்.
கதவோ உள்ளே திறக்கும்போது
கேஸ் மீட்டரின் மூக்கில் இடித்து
பாதியில் நின்றுவிடும்.
மீட்டர் அரசாங்கத்துடையது, தொடக்கூடாது.

பதினேழு வருடமாக நாங்கள்
பக்கவாட்டில்தான் வீட்டுக்குள் வருகிறோம்
வயிற்றை எக்கி, பையை முன்னே நீட்டி,
நண்டு மாதிரி.

திபிலிசியின் பாதிக் கட்டில்களை மாடியேற்றியவன் நுக்ஸார்.
எந்தச் சோபாவை எந்தத் திருப்பத்தில்
எத்தனை விரல் சாய்க்க வேண்டும் என்று
தோளுக்குத் தெரியும் அவனுக்கு.
யாரோ ஒருத்தருடைய குளிர்பெட்டியோடு
யாரோ ஒருத்தருடைய படியில் விழுந்தான்.
இடுப்பில் மூன்று முறிவு.
குளிர்பெட்டி நன்றாக ஓடுகிறதாம்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

செருப்பு அலமாரியைச் சமையலறை மேசைக்கடியில் தள்ளினேன்.
நாற்காலிகள் உள்ளே போகவில்லை.
அவற்றை பால்கனிக்கு அனுப்பினேன்.
பால்கனியிலிருந்த துணித்தொட்டி குளியலறைக்கு வந்தது.
இப்போது குளியலறைக் கதவு சாத்தவில்லை.
பரவாயில்லை, இருப்பது நாங்கள் இரண்டு பேர்.
நாற்காலி திரும்ப ஒரு வட்டம் வேண்டுமென்று சொல்லியிருந்தார்கள்.
பீரோவை இழுத்தேன்.
பின்னால் பச்சையாக ஒரு செவ்வகம்.
இந்தச் சுவர் முதலில் பச்சையா?
அடித்தது நானேதான், மறந்திருக்கிறேன்.

போன் செய்தேன்.
‘கீலை மாற்று, கதவு வெளியே திறக்கட்டும்’ என்றான்.
வெளியே என்றால் மாக்வாலாவின் அலமாரி.
நடைமேடை முழுக்க அவள் ஊறுகாய் ஜாடிகள்.
ஒழுகிய குழாய் ஒன்றின் பேரில்
நான்கு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை.
‘அவளிடம் யார் கேட்பது?’
‘என்னால் நடக்க முடியாதே’ என்றான்.
சிரித்தானா என்று தெரியவில்லை,
மருத்துவமனை லைன் இரைந்தது.

போய்க் கேட்டேன்.
அளவுகளை மட்டும் சொன்னேன்,
அறுபத்து மூன்று, எண்பத்தெட்டு, முப்பது.
கதவிடுக்கில் அவள் ஒற்றைக் கண்.
பதில் சொல்லாமல் சாத்திக்கொண்டாள்.
இரவெல்லாம் கண்ணாடி கண்ணாடியோடு உரசும் சத்தம்.
காலையில் நடைமேடை காலி.
ஒரே ஒரு ஜாடி, புளித்த பிளம்,
அவள் பக்கத்து மூன்றாவது ஓட்டின் விளிம்பில்,
எல்லைக்கல் போல.
எனக்குக் கொடுத்ததா,
இதற்கு மேல் வராதே என்றா?
இன்னும் எடுக்கவில்லை நான்.

வெள்ளிக்கிழமை
லிஃப்ட்டுக்குக் காசு போட்டு
அவனோடு சுமை தூக்கும் பையன்கள் இரண்டு பேர் ஏற்றி வந்தார்கள்.
ஒருவன் பழக்க தோஷத்தில்
‘தலைப்பக்கம் சாய்க்கட்டுமா அண்ணே?’ என்றான்.
‘என்னைச் சாய்த்தால் கொன்றுவிடுவேன்.’

கதவு வெளியே திறந்தது.
வாசலை ஒரு நிமிடம் கண்ணாலேயே அளந்தான்,
இடது தோள், வலது தோள்,
மீட்டர்.
பிறகு சக்கரத்தைத் தானே உருட்டினான்.
இந்த வீட்டுக்குள்
முகத்தை முன்னால் வைத்து ஒருவர் வந்தது
அன்றைக்குத்தான்.

பச்சைச் சுவரைப் பார்த்தான்.
‘பீரோ?’
‘உன் கட்டிலுக்குப் பக்கத்தில்.’
‘கட்டில்?’
‘சமையலறையில்.’
‘அடுப்பு?’
‘அதை மட்டும் நகர்த்தவில்லை.
படுத்தபடியே காபி கலக்கலாம் நீ.’

பையன்கள் போய்விட்டார்கள்.
மருந்துப் பை, ஊன்றுகோல், எக்ஸ்ரே உறை
எல்லாம் என் கையில்.
வழியில் ஒன்றுமில்லை. காலி.
அப்படியும்
வயிற்றை எக்கிக்கொண்டு
பக்கவாட்டில்தான் உள்ளே போனேன்.