இரண்டு புள்ளி

நகுலேநதிரம, வயது 51, வடடககசசி.
துண்டில் அவரே எழுதியிருந்தார்
ஒரு புள்ளியும் இல்லாமல்.
அறுவடை மெஷின் ஓட்டுகிற கை,
பேனையைத் திறப்பு மாதிரிப் பிடித்திருக்கும்.
எனக்கு வாசிக்கச் சிரமமில்லை.
எந்த எழுத்தில் உயிர் இறங்கிப்போக வேண்டுமென்று
கண் தானே அறியும்.

"நான் குடிக்கிறேல்லை, தங்கச்சி.
அதையும் உந்தத் துண்டில எழுதுங்கோ."
ஈரலில் கொழுப்பு என்றதும்
பரந்தன் சந்தியில் ஆரோ சிரித்தானாம்.
"மாத்தளன் மணலில
ஒரு கோப்பைக் கஞ்சியை அஞ்சு பேர் குடிச்சனாங்கள்.
கஞ்சிக்கு லைனில நிண்ட உடம்பு.
இதுக்குள்ள கொழுப்பு எங்கால?"

பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் நான் இரத்தம் எடுப்பவள்.

மூன்று குழாய். இரண்டு எங்களுக்கு.
மூன்றாவது ஆராய்ச்சிக்கு:
சுழற்றி, மேலே தெளிகிற வைக்கோல் நிற நீரைச்
சிறு குப்பிகளில் பிரித்து
மறை எண்பது பாகையில் வைக்க வேண்டும்.
கரண்ட் போனால் ஜெனரேற்றர்.
ஜெனரேற்றரும் போனால்
கதவைத் திறக்காமல் காவல் இருப்பது நான்.
வெள்ளி இரவு கண்டிவீதி பஸ்ஸில்
உலர் ஐஸ் பெட்டி கொழும்புக்குப் போகும்.
கொண்டக்டர் ஒவ்வொரு முறையும் கேட்பான்,
"மீனோ அக்கா?"

அங்கே தேடுவது சின்னது.
இருபத்திரண்டு எழுத்து நீளம்,
எந்தப் புரதத்துக்கும் குறிப்பு வைத்திராத
ஆர்.என்.ஏ. துணுக்கு.
குப்பை என்று ஒரு காலம் ஒதுக்கிய கூட்டத்தில் ஒன்று.
தானாக எதையும் சொல்லாது.
சொல்ல வாயெடுக்கும் இன்னொன்றின் மேல்
போய் உட்காரும்.
அது அடங்கும்.

ஆய்வு மாணவி போனில் விளக்கியபோது
துண்டு என் கையில் இருந்தது.
புள்ளி, என்றேன்.
புள்ளிக்கு ஒலி இல்லை.
தலையில் ஏறினால்
உயிர்மெய்யில் உயிர் அடங்கி
மெய் மட்டும் மிஞ்சும்.

"அவ்வளவு நேராயில்லை, அக்கா."
சிலது அடக்குமாம். சிலது
அடக்க வருவதையே பிடித்து வைத்துக்கொள்ளுமாம்,
வளையமாய்ச் சுருண்ட பஞ்சு போல.
நீளமான சிலது
புற்றுக்குக் கதவு திறந்து விடுமாம்.
சரி.
ஆனாலும் நான் புள்ளியை விடவில்லை.

ஈரலில் அது ஏராளமாய் இருக்கும்.
கொழுப்பு முட்டிக் கலம் நொந்தால்
இரத்தத்துக்குள் கசியும்.
குப்பிகளில் நான் அடைப்பது அந்தக் கசிவை.
உள்ளே குறைந்து குறைந்து போகிற ஈரலில்
அடங்க வேண்டிய எழுத்தெல்லாம்
உரத்து வாசிக்கப்படும்:
பெருகு, பெருகு, பெருகு.
சாவு என்று நாங்கள் பயப்படுகிற புற்று
மெய்யில் அளவுக்கு மீறி ஏறிய உயிர்.

ஆவணி கிளினிக். ஸ்கான் திரையில்
டொக்டர் விரல் வைத்தார்.
"ஒரு புள்ளி தெரியுது."
வேறு சொல் அவருக்குக் கிடைத்திருக்கலாம்.

கொழும்பிலிருந்து இலக்கங்களும் வந்தன.
பெயர் இல்லை, குறியீடு மட்டும்.
எது ஆருடையது என்று கேட்கக்கூடாது.
நான் கேட்கவில்லை.
லேபல் ஒட்டியவள் நான்.

"இரணைமடுத் தண்ணியில விதைச்சது,
இன்னும் எண்பது ஏக்கர் கிடக்கு.
சிறுபோகம் வெட்டிப்போட்டு
மகரகமைக்குப் போறன்."
சேட்டுக் கொலரில் உமித்தூசி.
சம்மதப் படிவத்தை நீட்டினேன்.
மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக,
நகுலேநதிரம.

இரண்டே இரண்டு புள்ளி.
பேனை என் கைக்குத் திரும்பியிருந்தது.
நோயாளியின் எழுத்தில் கை வைக்கக்கூடாது
என்பது விதி.

அடுத்தவர் சட்டைக் கையை மடித்தபடி
வந்து உட்கார்ந்தார்.