ஆடியில் எடுத்த படங்கள்

கொக்கத்தடியில் மைக்கைக் கட்டினவள் நான்.
மாங்காய் பிடுங்குகிற தடி.
கொக்கையைக் கழற்றிவிட்டு நுனிக்குக்
கறுத்தக் காலுறை ஒன்று போட்டால்
காற்றுச் சத்தம் விழாது என்றான் ஜெனோசன்.
விழுந்தது.
பண்ணைக் கடற்காற்றுக்குக் காலுறை ஒரு பொருட்டா?

கமெரா, கொக்குவிலில் கலியாணவீடு எடுக்கிற ஸ்ரூடியோவினுடையது.
முகூர்த்தம் இல்லாத நாளில் மட்டும் எங்களுடையது.
ஊருக்கு ஆகாத ஆடி
எங்களுக்குத்தான் வாய்த்தது.
அந்த ஆடியில் மூன்று படம்.
மார்கழியில் ஒன்று, மழையோடு.

நாலுக்கும் சேர்த்து முடிந்த காசு
எண்பத்தோராயிரத்துச் சொச்சம்.
கஜீபன் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறான்:
கொத்துரொட்டி, பெற்றோல், மெமரி காட்,
'என்ன எடுக்கிறியள்' என்று கேட்டு வந்தவருக்குச் சோடா.
சம்பளம் என்ற நிரலில்
மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு.

திருநெல்வேலியில் ஒரு ரியூட்டரியில் முதற்காட்சி.
வாங்குகளில் அறுபத்திரண்டு பேர்.
வெள்ளைப் பலகைதான் திரை.
ரசாயன சேர் வடிவாய் அழிக்காமல் போனதில்
அக்னேஸ் அக்காவின் முதுகில்
கடைசி மட்டும் ஒரு பென்சீன் வளையம்.

பிறகு எழுதத் தொடங்கினார்கள்.

கொழும்பில் ஒருவர்:
"இருள் இங்கே ஒரு பாத்திரமாகிறது."
கரண்ட் போனது, ஐயா.
ஓட்டோவைத் திருப்பி நிறுத்தி
ஹெட்லைற்றில் எடுத்தோம்.

பாரிசில் ஒருவர், மூன்று பக்கம்:
தூரத்தில் குரைக்கிற நாய்
ஓர் இனத்தின் அடக்கப்பட்ட நினைவாம்.
அது சேவியர் அண்ணையின் நாய்.
எட்டு ரேக்கிலும் குரைத்தது.
பாண் போட்டேன், தின்றுபோட்டுக் குரைத்தது.
ஒன்பதாவதில்
தடியை அதன் பக்கமாகவே திருப்பினேன்.

ரொறன்ரோவில் ஒருவர், கோபத்தோடு:
"ஷெல் எங்கே? சாவு எங்கே?
இவ்வளவு இழந்த மண்ணில்
ஒரு மனுஷி நாற்பது நிமிசம் மீன் வெட்டுவதா?"
அவருக்கு மட்டும் பதில் எழுத இருந்தேன்.
அவர் விட்டுப்போன வருசத்திலேயே
அவருடைய ஊர் உறைந்து நிற்கிறது.
அதை நான் எந்தப் பொத்தானை அமத்தி ஓடவிடுவது?
எழுதினதை அழித்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர்,
கொட்டை எழுத்தில்:
யாழ்ப்பாணத்தில் புதிய இயக்கம்.
கஜீபனின் அம்மா
தலைப்புக்குக் கீழே வாசிக்கவே இல்லை.
நாலாய் மடித்து அடுப்புக்குள் வைத்தா.
"வேறை சொல்லே கிடைக்கேல்லையே இவங்களுக்கு?"
அடுத்த நாள் நாலு படத்திலும்
'இயக்கம்: கஜீபன்' என்றிருந்ததை எடுத்துவிட்டு
'நெறியாள்கை' என்று போட்டோம்.
பழஞ்சொல்லின் மீட்சி என்று
சென்னையிலிருந்து ஒரு பாராட்டு.

ஊருக்குள் ஒருவரும் எழுதவில்லை.
படம் முடிந்து கதிரை அடுக்குகையில்
ஒரு மாஸ்ரர் மட்டும் கேட்டார்,
"பிள்ளை, கதை எப்ப தொடங்கும்?"

எல்லாரும் மெச்சின இடம் ஒன்று.
மகனின் கடிதம் கைக்கு வந்ததும் அக்கா
முகத்தைக் காட்டாமல் திரும்பி நிற்பது.
மறுப்பின் அரசியல் என்றார்கள்.
பாசையூர்ச் சந்தைக்குக் கொண்டுபோய்
அவவுக்கு வாசித்துக் காட்டினேன்.
பாரை வெட்டின கத்தி நிற்கவில்லை.
"அண்டைக்கு எனக்குக் கொடுப்புப் பல்லு வீக்கம்.
அந்த மூஞ்சையோடை படத்திலை வாறதே?"

ஒரு செதில் பறந்து வந்து
'அரசியல்' என்ற சொல்லில் ஒட்டியது.
தட்டிவிடப் போனேன்.

தலையை வெட்டித் தனியே வைத்துவிட்டு,
ஆருக்கோ மிச்சக் காசு எண்ணிக் கொடுத்துவிட்டு,
"கடிதமெண்டு நீங்கள் தந்தது வெறுந்தாள்," என்றா.
"அதையும் பாக்கேலாமல்தான் கிடந்தது."