ஐம்பதும் அறுபதும்

பால்டிமோர் துறைமுகத்தருகே பழைய கடையொன்றில்
இரண்டையும் சேர்த்து வாங்கியதாகச் சொன்னான் பிச்சைக்கனி.
ஒரே அமெரிக்கச் சிம்பொனி.
ஒன்று அவன் பிறப்பதற்கு முன் பதிந்தது,
மற்றது அவன் கப்பலைவிட்டு இறங்கிய வருடம்.
எதற்கடா இரண்டு என்றேன்.
ஒரே மீனை இரண்டு வீட்டில் குழம்பு வைத்தால்
இரண்டு வீட்டிலும் சாப்பிட மாட்டாயா என்றான்.

எனக்கு மண்டபத்தில், ஐஸ் ஆலையில் இரவு வேலை.
விடிவதற்குள் முந்நூறு பார் உறைய வேண்டும்.
மோட்டார் தன்பாட்டுக்கு உறுமும்.
மீட்டர் பார்ப்பது, பதிவேட்டில் எழுதுவது தவிர
கைக்கு வேலையில்லை.
காதுக்கு உண்டு.

அதே பதிவேட்டின் பின்பக்கம் குறித்துவைத்தேன்:
மூன்றாம் பகுதி,
பழையது பதினொன்று நாற்பது,
புதியது பதினான்கு ஐந்து.
ஹார்ன் தனியே எழும் இடத்தில்
புதியவர் நின்று பார்க்கிறார்,
வலையை இழுக்காமல்
கயிற்றைத் தொட்டுக்கொண்டே இருப்பவர்போல.
பழையவர் இழுத்துவிடுகிறார்,
மீன் இருக்கிறதோ இல்லையோ.

வேதாளையிலிருந்து குரல் செய்தி வரும்:
"புதுசுதான்டா. ஒவ்வொரு வயலினும் தனித்தனியா நிக்குது.
பழசுல எல்லாத்தையும் ஒரே சாக்குல கட்டுன மாதிரி."
சரிதான்.
பழையதில், ஆறாவது நிமிடத்தில்
நாற்காலி ஒன்று முனகுகிறது.
யாரோ உட்கார்ந்தபடியே நகர்கிறார்.
அந்த நாற்காலிக்காகக் காத்திருக்கப் பழகிவிட்டதை
அவனிடம் நான் சொல்லவில்லை.

எங்களுக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல்.
கச்சான் வீசினால் தென்கடல் பொங்கும்,
வாடையில் வடகடல்.
ஆனியில் எனக்குப் பழையது பிடித்தது,
கார்த்திகையில் புதியது.
காற்று திரும்பினால் காதும் திரும்பும் என்று
ஒரு தத்துவம் எழுதி அனுப்பினேன்.
"கார்த்திகையில உனக்குச் சளி," என்று பதில் வந்தது,
"காது அடைச்சிருந்துச்சு."

தையில் ஓர் இரவு
ஹெட்போனின் வலது பக்கம் செத்துப்போனது.
இடது காதில் சிம்பொனி,
வலது காதில் ஆலை.
எல்லா வாத்தியமும் மூச்சை அடக்கும் ஓர் இடம் வருமே,
அங்கே,
பழைய பதிவின் அமைதிக்கு அடியில்
ஒரு ரீங்காரம். மெல்லியது. மாறாதது.
மோட்டாருக்கும் ஒரு சுருதி உண்டு.
இரண்டும் சண்டை போடவில்லை.
ஷட்ஜமத்தின் மேல் சாதாரண காந்தாரம்போல
சேர்ந்து உட்கார்ந்திருந்தன.

ரேடியோ ஆபீசராக இருந்தவன் உடனே சொன்னான்:
"அது கரண்ட். அவங்க ஊர்ல நொடிக்கு அறுபது தடவை அசையும்,
நமக்கு அம்பது.
எங்கயோ ஒயரைச் சரியா மூடல. பழுதுடா அது."

ஐந்துக்கு ஆறு.
விரல்விட்டுப் பார்த்தேன், காந்தாரக் கணக்கும் அதுதான்.
எழுதியவருக்குத் தெரியாது,
கோலைப் பிடித்து நடத்தியவருக்குத் தெரியாது,
மின்வாரியத்துக்குச் சத்தியமாகத் தெரியாது.
புதியதைப் போட்டேன்.
அமைதி அங்கே அமைதியாகவே இருந்தது,
கழுவி வைத்த மீன் பெட்டிபோல.

வெள்ளி இரவு பிச்சைக்கனி நேரில் வந்தான்.
நல்ல காதை அவனுக்குக் கொடுத்தேன்.
அமோனியா நெடிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு
முழுவதும் கேட்டான்.
"பழுதுதான்," என்றான்.
பிறகு, "இன்னொரு தடவை போடு."

இரண்டாம் முறை முடியும்போது மணி நாலு.
டோக்கன் வாங்கிய படகுகளுக்கு லாரி வந்துவிட்டது.
கிரஷர் ஓட ஆரம்பித்தால்
பக்கத்தில் நிற்பவன் பெற்ற பிள்ளையைத் திட்டினாலும் கேட்காது.
என்னவோ சொன்னான். உதடு மட்டும் அசைந்தது.
கையை விரித்துக் காட்டினேன்.

ஆறு விரல் காட்டினான்.
பிறகு ஸ்டூலில் இருந்தபடியே
இடுப்பை மட்டும், மெல்ல,
ஒருபக்கமாக நகர்த்திக் காட்டினான்.