ஐந்நூறுக்குக் கீழே

ஓட்டேரியில் மாவு மில்லுக்கு மேல்மாடி எங்கள் கிளினிக்.
கீழே மிளகாய் அரைக்கிற நாளில்
மேலே நாய்களும் தும்மும், நாங்களும் தும்முவோம்.

எனக்குத் தண்ணீர் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.
லாரித் தண்ணீரை மூக்காலேயே சொல்வேன்.
நுரைக்க மறுக்கும் சோப்பு சொல்லிவிடும்
போர் எத்தனை அடி என்று.
கேன் தண்ணீர் என்றால்
நாக்கில் ஒரு சொட்டு போதும்,
பழைய கேனா புதுசா என்பேன்.

பல் சுத்தம் செய்கிற மெஷினின் பாட்டிலில்
ஜனவரி முழுக்க நான் ஊற்றியது
அந்த நாக்கு பாஸ் போட்ட தண்ணீர்.

ஒரு செவ்வாய்க்கிழமை
டாக்டர் மெஹ்ருன்னிஸா
கைப்பிடி நுனியில் வழிந்ததைக் குப்பியில் பிடித்து
ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்கு அனுப்பினார்.
பால் பாக்கெட் போல அது பைக்கில் போனது.

வந்த காகிதத்தில் இரண்டே எண்கள்.
ஒரு மில்லியில் ஐந்நூறுக்குக் கீழே இருக்கணும்.
இருந்தது பதினோராயிரத்து நானூறு.

"கண்ணாடி மாதிரி இருந்துதே டாக்டர்."

அவர் பதில் சொல்லவில்லை.
கழற்றிய குழாயைப் பிளேடால்
நீளவாக்கில் கீறி
என் விரலைப் பிடித்து உள்ளே வைத்தார்.

வழுக்கியது.
மூடியை மறந்தே கழுவுகிற வாட்டர் பாட்டிலில்
அந்த வளையத்துக்குள் இருக்குமே, அது.

பென்சில் ஈயம் நுழைகிற குழாய்.
ஞாயிறு முழுக்க அசையாத தண்ணீர்.
மே மாதம் வேறு.
வேறென்ன வேண்டும் அதுகளுக்கு,
பட்டா இல்லாமல் வீடு கட்ட?

ஜனவரியிலிருந்து எத்தனை பேர் என்று
நோட்டைப் புரட்டினேன்.
நாற்பத்தொரு நாய், ஆறு பூனை.
அந்தச் சாரலை மூச்சில் இழுத்த நாங்கள் மூன்று பேர்,
எங்களை அந்தக் கணக்கில் எழுதும் வழக்கமில்லை.

துலுக்காணம் சாரின் ரஸ்னா, பதிமூன்று வயசு,
பிப்ரவரியில் நான்கு நாள் இருமியது.
அதனாலா டாக்டர் என்றேன்.
"தெரியாது" என்றார்.
ஆமாம் என்றிருந்தால்
நான் அழுது முடித்திருப்பேன்.

புதுக் குழாய் வந்தது. காய்ச்சி வடித்த தண்ணீர் வந்தது,
விலையைப் பார்த்து மில்காரர்
"இதைக் குடிக்கக் கூட மாட்டீங்களா?" என்றார்.
பாட்டிலுக்கு ஒரு மாத்திரை.
காலையில் இரண்டு நிமிடம் சும்மா ஓடவிடு,
ஒவ்வொரு வாய்க்குப் பிறகும் அரை நிமிடம்.
முதல் வாரம் அந்த இரண்டு நிமிடம்
சிங்க்கில் விழுவதைப் பார்க்கவே முடியவில்லை என்னால்.
அரிசி கழுவிய தண்ணீரில் வாசல் கழுவி வளர்ந்த கை இது.
ஒருநாள் கீழே பக்கெட் வைத்துப் பிடித்தேன்,
மாப் போட ஆகுமே.
டாக்டர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் அவரே பெரிய பக்கெட் வாங்கி வந்தார்.

ரஸ்னா திரும்ப வந்தபோது
தொண்டைக்குள் டியூப், கண் பாதி திறந்து,
நாக்கு ஓரமாய்த் தொங்க மயக்கத்தில் கிடந்தது.
வெளியே துலுக்காணம் சார்
காலி சங்கிலியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார்.
தண்ணீரைப் பற்றி அவர் கேட்கவில்லை.
யாரும் கேட்பதில்லை.
நானே போய்ச் சொன்னேன்,
போன தடவைத் தண்ணீர், அந்த எண், எல்லாம்.
வெகுநேரம் கழித்து
"இப்போ எவ்வளவு?" என்றார்.
நாற்பது, என்றேன். பூஜ்யம் இல்லை, சார், நாற்பது.
சங்கிலியைப் பையில் போட்டுக்கொண்டார்.

ராத்திரி எட்டரைக்குத்தான் தெருவில் மெட்ரோ தண்ணீர்.
மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாய் உறும,
குடங்கள் இடித்துக்கொள்ள,
ஊரே நிரப்பிக்கொண்டிருக்கும் நேரத்தில்
நான் மெஷினைக் காலி செய்கிறேன்.
பாட்டிலைக் கவிழ்த்து,
குழாய்க்குள் காற்றை ஊதி,
நுனியை டிஷ்யூவில் ஒற்றி ஒற்றிப் பார்க்கிறேன்.

தங்கை போனில் கத்துகிறாள்:
"தண்ணி வந்து அரை மணி ஆச்சு, எங்கே இருக்கே?
டிரம் இன்னும் நிரம்பலை."

இருடி, என்கிறேன்,
இங்கே இன்னும் காயலை.