டிக்கியில் இடமில்லை

ஹம்பிக்குப் போவதென்று முத்திருளாண்டி முடிவெடுத்தது
வாட்டர் சர்வீஸ் கடையில்,
கார் நுரைக்குள் நின்றுகொண்டிருந்தபோது.
யாரோ பதினொரு வருடம் ஓட்டிய கார்.
எங்களிடம் வந்து இருபதே நாள்.
"எம்புட்டுத் தூரம் தாங்குதுன்னு பாத்துருவோமே" என்றான்.
காரைச் சொன்னானா எங்களைச் சொன்னானா
கேட்டுக்கொள்ளவில்லை.

எண்ணூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு
என்கிறது போன்.
வெண்பா சமயநல்லூர் தாண்டுமுன் வாந்தி எடுப்பாள்
என்பது அதற்குத் தெரியாது.

சிம்மக்கல் மருந்துக்கடையில்
ஒன்பது வருடமாக மாத்திரை எண்ணிக் கொடுக்கிறேன்.
பயணம் போகிறவர்கள் முதல்நாள் சாயங்காலம் வருவார்கள்.
வாந்திக்கு, வயிற்றோட்டத்துக்கு, காதடைப்புக்கு.
எந்த ஊருக்கென்று கேட்டபடியே அட்டையைக் கத்தரிப்பேன்.
கொடைக்கானல் என்பார்கள், வேளாங்கண்ணி என்பார்கள்.
காசி என்றார் ஒருவர்,
அவருக்கு இரண்டு கூடுதலாக வெட்டினேன், காசுக்குத்தான்.
இன்றைக்கு எனக்கே வெட்டிக்கொண்டேன்.
பில்லில் வாடிக்கையாளர் பெயர் என்ற கட்டத்தில்
என் பெயரை எழுத
ஒரு நொடி பேனா நின்றது.

அவன் நோட்டில் டீசல், டோல்கேட், லாட்ஜ்.
என் நோட்டில் ஜட்டி.
ஆளுக்கு எட்டு. வெண்பாவுக்குப் பதினான்கு.
புளிக்காய்ச்சல் ஒரு டப்பா, பருப்புப்பொடி ஒரு டப்பா,
சின்ன குக்கர் வேண்டுமா வேண்டாமா என்று
இரண்டு ராத்திரி சண்டை.
"ஓட்டல்ல திங்கத்தான போறோம்" என்று
கழுத்தைப் பிடித்து வெளியே வைத்தான் குக்கரை.
ஸ்டெப்னிக்கும் ஜாக்கிக்கும் நடுவே
அதை நான் திரும்பச் செருகியது
அவனுக்குத் தெரியும். பேசாமல் மூடினான்.

வெண்பாவின் பைக்குள் ஒற்றைச் செருப்பு, சிவப்பு.
ஜோடி போன சித்திரையில்
தல்லாகுளத்துக் கூட்டத்தில் போனது.
இது எதுக்குடி என்றால்
"அங்க கெடந்தா?" என்கிறாள்.
வைத்துக்கொள் என்றுவிட்டேன்.
இடமா இல்லை.

எனக்கு வேறொன்று தேட வேண்டியிருந்தது.
ரிஷ்வந்த் பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் வாங்கிய
பச்சை ரப்பர் ஷீட்.
ஒன்பது வயது முடிந்துவிட்டது அவனுக்கு.
வாரத்தில் இரண்டு நாள்
நாங்கள் எழுமுன் எழுந்து
போர்வையை அவனே வாளியில் ஊறப்போடுகிறான்.
நானும் காலையில்
"யாருடா சோப்புப்பவுடரக் கொட்டுனது" என்று மட்டும் கேட்கிறேன்.
ஐந்து ராத்திரி லாட்ஜ். வெள்ளை மெத்தை.

பீரோவின் அடித்தட்டில் இல்லை.
பரணில் ஏறினேன், பழைய தொட்டில் கம்பிதான் இருந்தது.
கட்டிலுக்கடியில், கேரம்போர்டுக்குப் பின்னால்,
கொலு பொம்மைப் பெட்டியில்கூடப் பார்த்தேன்.
என்னத்தத் தேடுற என்றான் இவன்.
ஒண்ணுமில்ல, துண்டு.

ராத்திரி பதினொன்றரைக்கு
பல் பிரஷ் வைப்பதற்காக ரிஷ்வந்தின் பையைத் திறந்தேன்.
கிரிக்கெட் சட்டை, வண்ணப்பென்சில், டார்ச்.
எல்லாவற்றுக்கும் அடியில்
விளக்குத்தூண் ஜவுளிக்கடை கவர்,
வாயை இரண்டு முடிச்சுப் போட்டிருந்தான்.
தொட்டதும் தெரிந்தது.
பச்சை, ஓரத்தில் தெரிந்தது.

அவிழ்க்கவில்லை.
இருந்த இடத்தில் இருந்தபடி வைத்து
பிரஷ்ஷை மேலே வைத்து
ஜிப்பை எவ்வளவு திறந்திருந்ததோ அவ்வளவு மூடினேன்.
பிறகு என் பையிலிருந்து
குக்கரைச் சுற்ற வைத்திருந்த பெரிய துண்டை எடுத்து
பொதுவாக, நடு சீட்டில், போட்டுவைத்தேன்.

நாலு மணிக்குத் தெருவில் நாய்கூட எழவில்லை.
சாவியைத் திருகிவிட்டு முத்திருள் கேட்டான்,
எல்லாம் எடுத்தாச்சா?
நான் கேஸைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.
"எடுத்தாச்சுப்பா" என்றான் ரிஷ்வந்த்
கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி.

பரவை மார்க்கெட்டில் லாரிகள் வெங்காயம் இறக்கிக்கொண்டிருந்தன.
வெண்பா அங்கேயே எடுத்துவிட்டாள்.
சமயநல்லூர் இன்னும் வரவில்லை.