கேள்வி

உயர்தரத்தில் தமிழில் படித்தபோது அது கேள்வி.
தேர்ஸ்டன் வீதிக்கு வந்ததும்
டிமாண்ட் என்று பேர் மாற்றிக்கொண்டு
வெண்பலகையில் இடமிருந்து வலம் சரிந்து கிடந்தது.
விலை ஏறினால் இது இறங்கும், அவ்வளவுதான்,
விளங்குதா என்றார் விரிவுரையாளர், ஆங்கிலத்தில்.
இருநூறு பேர் தலையாட்டினோம்.
கேள்வி ஒன்றும் இல்லை.

கன்டீனில் பிளேன்டீ பத்து ரூபாய் கூடிய கிழமை
வரிசையில் ஒரு ஆள்கூடக் குறையவில்லை.
நெகிழ்ச்சியற்றது என்று ருஷ்தா
கப்பை உயர்த்திக் காட்டினாள்.
ரோல்ஸைத்தான் பாதியாக்கினோம்.
கத்தி நேராய்ப் போகாது; எப்போதும்
ஒரு பக்கம் மீன் கூட.

பரீட்சைக்கு நாலு நாள்.
நூலகப் படிக்கட்டில் குப்பி, பதினொரு பேர்,
பலகைக்குப் பதில் பிஸ்கட் பெட்டியின் மட்டை.
அமிழ்ந்த செலவு என் பங்கு.
"நூற்றைம்பத்தைந்துக்கு அரை மணித்தியாலம் நின்றாச்சு.
போனது போனதுதான், கணக்கில் எடுக்காதே.
இனி வருமா, நடப்போமா, அதை மட்டும் பார்."
எல்லாரும் எழுதினார்கள். நானும்
கொஞ்சம் பெரிய ஆள் போல நின்றேன்.

கடைசிப் படியிலிருந்து கபிலாஷ்:
"நான் ரெண்டு தரம் பயோ எழுதினனான்.
மூன்றாம் தரம்தான் கொமர்ஸ்.
அப்பா இன்னும் அந்தப் புத்தகங்களை
ஒருத்தருக்கும் குடுக்க விடுறாரில்லை.
அதையும் கணக்கில் எடுக்கக் கூடாதா?"

மார்க்கர் மூடியைத் தேடினேன். கையிலேயே இருந்தது.
வெளியே ஒரு பஸ் நின்று, போனது.
இலக்கம் யாரும் பார்க்கவில்லை.

"சரி, மற்றதைச் சொல்லு," என்றான் அவனே,
"எல்லைச் செலவு. அது கட்டாயம் வருமாம்."

ருஷ்தா
மீன் கூடின பாதியை
அவன் படிக்குத் தள்ளிவிட்டாள்.