பிறப்பிடம்

பெலவேந்திரன் சாவியைத் திருகி விட்டுவிட்டு
டீ குடிக்கப் போய்விட்டார்.
ஏற்காட்டுக் கன்னிமாடத்து நூலகம்.
ஜன்னலில் பனி மோதிக்கொண்டிருக்கிறது.

ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் எனக்கு:
ஐரோப்பிய நூற்கட்டில் தோல்கள்.
கன்றுக்குட்டி, பன்றி, மொராக்கோ ஆடு,
ஆளுக்கொரு பாராட்டு எழுதியிருக்கிறார்கள்.
கீழை இந்திய ஆட்டுக்கு மட்டும்
'விரைவில் மட்கும். தவிர்க்கவும்.'
குற்றவாளி ஆவாரம்பட்டை.

காலையில்தான் பார்த்தேன்,
சேலத்திலிருந்து பஸ் ஏறும் முதல் கொண்டை ஊசிக்கு முன்னால்
கொத்துக் கொத்தாய் மஞ்சள்.
உயிரோடிருந்தவரை ஆடு வாய் வைக்காத செடி.
உரித்த பிறகு
ஊறவைத்துக் குடிக்கக் கொடுத்திருக்கிறார்கள்.

பிரசங்கப் புத்தகம், லண்டன் கட்டு.
முதுகைத் தொட்டதும்
பொன்னெழுத்தோடு உதிர்கிறது செந்தூள்.
கப்பலில் போனது
கப்பலில் வந்து
மாட்டுவண்டியில் மலையேறியிருக்கிறது.
அப்படித்தானா?

"என்னம்மா, விரலெல்லாம் மருதாணியா?"
டீயோடு நிற்கிறார் பெலவேந்திரன்.

படிவத்தை நிரப்புகிறேன்.
தோல்: ஆடு.
பதனம்: பட்டை.
நிலை: மோசம்.
பிறப்பிடம்:

சான்றில்லாமல் ஒரு சொல் எழுதக்கூடாது என்பார்
என் நெறியாளர்.
பேனாவை மூடிவிட்டு
அந்தக் கட்டத்தில்
விரலை அழுத்தி எடுக்கிறேன்.